வார்டுக்குள் ஒரு பல்லாங்குழி

புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் தொண்டு செய்கிறவர்களைப் பற்றித் தன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுத விரும்பிய ஒரு மாணவி, தங்களுக்கு ஆதர்சமாக இருந்தவர்கள் யார், தங்கள் பொழுதுபோக்குகள் எவை, தங்கள் லட்சியம் என்ன என்று மூன்று கேள்விகளை எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் கௌரவமானவை என்றும், நடுவில் உள்ளது ஒப்புக்குக் கேட்கப்படுவது என்றும் அவள் கருதியிருக்க வேண்டும். ஏனெனில், பதில் எழுதுவதற்கு அதற்கு மட்டும் ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தாள். என் அநுபவம் இதற்கு நேர்மாறானது. ஆதர்சமும் லட்சியமும் நம்மை ஆஸ்பத்திரி வாசல் வரையில் அழைத்துக்கொண்டு போகும். வாசலைத் தாண்டி உள்ளே போய், முன்பின் அறியாத ஒரு நோயாளியின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு, இவருக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும்போது, கைகொடுப்பது அந்தப் பொழுதுபோக்குதான்.

வைத்தியம் நமக்குத் தெரியாது; அரைகுறையாகத் தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்பது, தொண்டர்களாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் நியமம். உங்களுக்கு எந்த இடத்தில், எத்தனையாவது கட்டம் என்று நாமாகக் கேட்கலாகாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படித்தான் இருந்தது என்று தொடங்குகிற எந்தக் கதையும், அது நல்லபடியாக முடிகிற கதையேயாயினும், சொல்லலாகாது. இன்ன கீரையைச் சாப்பிடுங்கள், இன்ன ஊரில் பச்சிலை கொடுக்கிறார்கள் என்று யோசனை கூறலாகாது. ஜலதோஷம் கண்டிருந்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டலாகாது, ஏனென்றால் கீமோ ஏறியிருக்கும் தேகத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோய், நம்மிடம் ஒரு தும்மலோடு போய்விடுகிற கிருமி அவர்களிடம் பிராணாபத்தாக முடியக்கூடும். இவ்வளவு விலக்குகளையும் கழித்துவிட்டால், தொண்டரிடம் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். நோயாளியை வாட்டுவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான். ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். படுக்கை காலியாவதற்குக் காத்திருக்க வேண்டும். படுக்கை கிடைத்த பிறகு, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிகிற வரையில், ஊசி குத்திய கையை அசைக்காமல் பகல் முழுவதும் படுத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் மனம் தானாகப் போய் நிற்கிற இடத்திலிருந்து அதைச் சற்றே பெயர்த்து எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கு, அநுதாபம் மட்டும் போதாது. நாம் உண்மையாகவே ஆசைப்பட்டுச் செய்கிற ஒரு காரியம் வேண்டும். கடமைக்காகச் சிரிக்கிறவரையும் தன் விளையாட்டில் தானே லயித்திருக்கிறவரையும் நோயாளிகள் ஒரு நொடியில் வேறுபிரித்து அறிந்துகொள்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்த பொழுதுபோக்குகள் இரண்டே: பல்லாங்குழி ஆடுவதும், பிறர் கேட்கும்படி உரக்கக் கதை வாசிப்பதும். இரண்டையும் எனக்குப் பழக்கியவள் என்னை வளர்த்த அத்தை. மரப்பலகையைக் கிருமிநாசினி கொண்டு சரியாகத் துடைக்க முடியாது என்று நர்ஸ் அம்மாள் ஆட்சேபித்ததனால், வார்டுக்கு எடுத்துச் செல்வதற்கென்று மடக்கக்கூடிய பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டேன். புளியங்கொட்டைக்குப் பதிலாக, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திக்கொள்ள வசதியாகச் சோழிகளை வைத்துக்கொண்டேன். ஏழும் ஏழும் பதினான்கு குழிகள். ஒரு குழியில் உள்ளவற்றை அள்ளி, குழிக்கு ஒன்றாக வரிசையாய்ப் போட்டுக்கொண்டே போய், கை காலியான இடத்துக்கு அடுத்த குழியை எடுத்து மீண்டும் ஆடி, வெறுங்குழி எதிர்ப்பட்டால் அதைத் தடவிவிட்டு அதற்கப்பால் உள்ளதை அள்ளிக்கொள்வதும், ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்வதும் தமிழ்நாட்டுப் பெண்கள் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவையல்ல. ஊருக்கு ஊர் சிற்சில விதிகள் மாறும். அந்த வித்தியாசங்களைப் பற்றி வாதாடுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும். அந்த அரைமணி நேரத்தில் அந்த அம்மாள் நோயாளியாக இராமல், எங்கள் ஊரில் இப்படித்தான் என்று அடித்துச் சொல்லுகிற ஒரு வீட்டு எஜமானியாக இருக்கிறாள்.

செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கீமோவுக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாளை இங்கே சொல்ல வேண்டும். வயல் வேலையிலும் களையெடுப்பிலும் உரமேறிய விரல்கள் அவளுக்கு. சோழியை அள்ளும்போது குனிந்து பார்க்கவே மாட்டாள். கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே, உள்ளங்கையில் எத்தனை இருக்கிறது என்பதை விரலாலேயே அறிந்து, எந்தக் குழியில் போய் முடியும் என்பதையும் முன்கூட்டியே கண்டுகொண்டு, கணக்கு டீச்சரான என்னைத் தொடர்ந்து தோற்கடித்தவள். ஒரு நாள் அவள் ஆட்டம் திடீரென்று மந்தமாகிவிட்டது. ஒவ்வொரு சோழியையும் கட்டைவிரலால் குழியின் ஓரத்துக்குத் தள்ளி, குனிந்து உற்றுப் பார்த்து எடுத்தாள். எடுத்ததில் ஒன்று நழுவிப் போர்வையின்மேல் விழுந்ததை அவள் அறியவும் இல்லை.

"என்னம்மா, இன்னிக்கு ஆட்டம் இவ்வளவு மெதுவாப் போகுது?" என்று கேட்டேன்.

"வெரலுக்குத் தெரியல, டீச்சரம்மா. மரத்துப் போச்சு. கண்ணால பார்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கு."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்குது. பாதியில நிறுத்தினா நோவு திரும்பி வந்துடுமாமே."

சில கீமோ மருந்துகள் நரம்புகளைத் தாக்கி, கைவிரல் நுனிகளையும் உள்ளங்கால்களையும் மரத்துப்போகச் செய்யும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம். ஒவ்வொரு தடவையும் அவர்கள் அதைக் கேட்கவும் கேட்கிறார்கள். ஆனால், நீண்ட வரிசையில் நின்று, டாக்டரின் எதிரே இரண்டு நிமிஷம் உட்காரக் கிடைத்தவுடன், "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிடுவது நம் கிராமத்துப் பெண்களின் சுபாவம். அவளுடைய சம்மதத்தின்பேரில் நர்ஸ் அம்மாளிடம் சொன்னேன். டாக்டர் வந்து, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா, நடக்கையில் செருப்பு கழன்று போவது காலுக்குத் தெரிகிறதா என்றெல்லாம் நிதானமாக விசாரித்து, மருந்தின் அளவைத் திருத்தினார், வைத்தியத்தை நிறுத்திவிடவில்லை. மரத்துப்போன காலோடு வரப்பில் நடந்து விழுந்து அடிபடுவதும், அடுப்பின் சூடு தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்வதும் இத்தகையோருக்கு நேரக்கூடியவை. கேள்விக்குப் பிடிகொடுக்காமல் மறைந்திருந்த ஓர் உபாதையை விளையாட்டு வெளியே கொண்டுவந்தது என்பதை எண்ணும்போதெல்லாம், பொழுதுபோக்கு என்ற பதத்துக்கு நாம் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தமளிக்கிறது.

கதை வாசிப்பதற்கு நான் பெரும்பாலும் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துச் செல்கிறேன். 1950 முதல் 1954 வரையில் வாராவாரம் தொடர்ந்து வெளியான கதையாதலால், அதன் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் அடுத்தது என்ன என்று மனம் தவிக்கிற இடத்தில் முடியும். நாளைக்கு என்ற ஒன்று இருக்கிறது என்பதில் நம்பிக்கை தளர்ந்திருப்பவருக்கு, நாளை மாலை வந்தியத்தேவன் சுரங்கப் பாதையிலிருந்து வெளியேறினானா என்பதை அறிந்தாக வேண்டும் என்ற ஆவல் ஒரு பிடிமானமாகிறது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், பல வருஷங்கள் புகையிலை அடக்கி வைத்த கன்னத்தில் புற்று வந்து, தாடையிலும் நாக்கிலும் ஒரு பகுதியை எடுத்த பிறகு, மூக்கு வழியாகச் செலுத்திய குழாயில் கஞ்சித் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, பேச்சின்றி இருந்தார். அத்தியாயம் முடிந்து நான் புத்தகத்தை மூடப்போனால் ஆள்காட்டி விரலை உயர்த்துவார்; இன்னும் ஒன்று என்று அர்த்தம். அதற்கப்புறம் அவருக்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு வைத்தியம் செய்ய, தொடங்கினார்கள். தலை இம்மியும் அசையாதிருக்கும்பொருட்டு, வெந்நீரில் இளக்கி அவர் முகத்தின் அச்சாகவே வார்த்தெடுத்த வலைமுகமூடியைக் கவிழ்த்து மேசையோடு பூட்டிவிட்டு, எல்லோரும் கனத்த கதவுக்கு அப்பால் போய்விடுவார்கள், நோயாளி தனியே. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். அவர் தம் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "உள்ள படுத்திருக்கும்போது நேத்துக் கதையை மனசுல ஓட்டிக்குவேன்." இதைக் காட்டிலும் பெரிய பாராட்டு கல்கிக்குக் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஆதர்சம் என்று கேட்டால், என் அத்தைதான் முதலில். அவள் செய்த தொண்டுக்காக அல்ல, அவள் பட்ட கஷ்டத்துக்காக. மார்பில் நெல்லிக்காயளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டதை, புடைவைத் தலைப்புக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்தாள். வலிக்காத கட்டியாதலால் ஆபத்தில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம் வேறு. புண்ணாகி, வாடை மறைக்க முடியாமல் போன பிறகுதான் வீட்டில் தெரிந்தது. வாசிக்கவும் விளையாடவும் எனக்குக் கற்றுத் தந்தவள், கேட்கவும் ஆடவும் கூட ஆளில்லாமல் கடைசி மாதங்களைக் கழித்தாள். தொற்றிக்கொள்ளும் என்று அஞ்சி அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இந்த வியாதி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதைத் தெருவில் எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை.

துக்கத்தை நெஞ்சிலேயே அடைகாத்து அதைக் காரியமாக மாற்றிய ஒருவரை நம் நாட்டில் காட்ட வேண்டுமானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத்தான் காட்ட வேண்டும். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-ல் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினராக அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிப்பதற்குப் போராடியவர் என்றே பாடப் புத்தகங்கள் அவரை நமக்குக் காட்டுகின்றன. அவருடைய தங்கை சுந்தராம்பாள் 1923-ல் புற்றுநோயால் மாண்டார். சீதபேதி என்று முதலில் தவறாகக் கருதப்பட்டு, உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. புற்றுநோய்க்கென்று ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்த விதை. ஆள்கிறவர்கள் ஆர்வம் காட்டவில்லை. எப்படியும் இறந்துபோகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணமே அன்று ஓங்கியிருந்தது. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். 1952-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி, பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்காளுக்கு வயது 68-ஐ எட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு துக்கத்தை ஆறவிடாமலும், அதனால் தாம் கசந்துபோகாமலும் காப்பாற்றி வைத்திருப்பது எத்தகைய மனோதிடம் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. மறுவருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்து, பிறகு அந்த வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் தமது 93-வது வயதில் மறையும் வரையில் நோயாளிகளோடு வாழ்ந்தார். நான் போவது அந்த ஸ்தாபனத்துக்கன்று, வேறொரு சிறிய தர்ம ஆஸ்பத்திரிக்கு; ஆனாலும், தமிழ்நாட்டில் புற்றுநோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற எவரும் அடையாற்றுக்குக் கடன்பட்டவர்தாம். அது மாதர் சங்கமொன்றின் நிதியிலிருந்து எழும்பியது என்பதையும் தொண்டர்கள் மறக்கலாகாது.

இன்னொருவர், லண்டனில் வாழ்ந்த சிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார். நர்ஸாகப் பயின்று, முதுகுவலியால் அந்தத் தொழிலை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூகசேவை அலுவலராக இருந்தபோது, போலந்திலிருந்து அகதியாக வந்து புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற யூதரோடு 1948-ல் அவருக்குச் சிநேகம் உண்டாயிற்று. ஹோட்டலில் பரிமாறிப் பிழைத்த அந்த மனிதர், அம்மையார் என்றேனும் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலாகத் தாம் இருக்க விரும்புவதாகச் சொல்லி, 500 பவுனை எழுதி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மையார், மாலை வேளைகளில், மரணத்தை எதிர்நோக்கியிருப்போர்க்கான ஓர் இல்லத்துக்குத் தொண்டராகப் போய்வந்தார். வலி வந்து நோயாளி கதறிய பிறகு மார்ஃபின் கொடுப்பதே எங்கும் வழக்கமாக இருக்க, அங்கே மட்டும் வலி தலையெடுக்கும் முன்பே, கிரமமாக நேரம் தவறாமல் கொடுப்பதையும், அதனால் நோயாளிகள் மயக்கமின்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பதையும் அந்தத் தொண்டர் கண்டார். கண்டதைப் பிறரும் ஏற்க வேண்டுமானால் டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று முப்பது வயதைத் தாண்டிய பிறகு வைத்தியம் படித்து, 1957-ல் தேறி, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி தணிக்கும் வைத்தியம் ஒரு சாஸ்திரமாக உலகெங்கும் பரவியது அங்கிருந்துதான். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் முதலியவர்கள் தொடங்கிய சங்கம், ஆட்டோ ஓட்டுநர்களையும் மாணவர்களையும் இல்லத்தரசிகளையும் தொண்டர்களாகப் பழக்கி, கேரளத்தில் படுக்கையில் கிடக்கிறவர்களின் வீட்டு வாசலுக்கே அந்த வைத்தியத்தைக் கொண்டுபோயிற்று. நம் பக்கத்து மாநிலத்தில் நடக்கிற இக்காரியம் நம் ஊர்த் தெருக்களிலும் நடக்க வேண்டும் என்று நான் ஏங்காத நாள் இல்லை.

லட்சியங்கள் என்னுடையவை சிறியவை. எங்கள் வார்டுக்கு நெல்லூர், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வருகிற தெலுங்கர்கள் அதிகம். அவர்களுடைய மொழியில் ஒரு சிறு கதையையாவது தடுமாறாமல் வாசித்துக் காட்ட வேண்டும் என்று தெலுங்கு எழுத்துக்களைப் பயின்று வருகிறேன். வைத்தியத்துக்குப் பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருகிறவருக்கும் முக்கால் பங்கு சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இதை அறியாமல், வழிச்செலவுக்குப் பயந்து, கரண்ட் வைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுப்பதற்கென்றே புதன்கிழமைகளில் ஓ.பி. வாசலில் மேசை போட்டு உட்காருகிறேன்.

பெரியதாக ஒன்று உண்டென்றால், அத்தைக்கு நேர்ந்தது என் தெருவில் இன்னொருத்திக்கு நேரக் கூடாது என்பதே. மார்புக் கட்டியைப் போலவே கூச்சத்தால் மறைக்கப்படுகிற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் என்று கண்டறிந்ததற்காக ஹரால்ட் ட்ஸுர் ஹௌஸன் என்ற ஜெர்மானியருக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று அதற்குத் தடுப்பூசியே வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போட வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, டாக்டர் சங்கரநாராயணன் முதலியோர் நடத்திய ஆராய்ச்சியில், வினிகரில் உள்ள அமிலத்தையே நீர்த்த நிலையில் தடவி, வெளுத்துக் காட்டுகிற இடத்தைக் கண்ணால் பார்த்து அறிகிற எளிய பரிசோதனையைக் கிராமத்துப் பெண்களுக்குச் செய்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' பத்திரிகை வெளியிட்டது. லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும், நல்ல வெளிச்சமும், கூச்சத்தை ஒதுக்கிவிட்டு வந்து படுக்கிற பெண்ணுமே போதுமாயிருந்தது. மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கும் ஏற்பாடு இப்போது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே இருக்கிறது. ஆனால் போவதற்குத்தான் ஆளில்லை. எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும் என்கிறார்கள்.

அதனால் எங்கள் தெருப் பெண்களைச் சிறு சிறு கூட்டமாகச் சேர்த்து அழைத்துப்போகத் தொடங்கியிருக்கிறேன். தனியாகப் போகக் கூசுகிறவர்கள் நாலு பேரோடு சேர்ந்து, ஏதோ கோவிலுக்குப் புறப்படுவதுபோல் பேசிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன தடவை வந்த கறிகாய்க்காரப் பெண் இந்தத் தடவை தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். கோடி வீட்டு மாமி மாத்திரம், அங்கே பார்ப்பது பெண்தானா என்பதை எனக்குச் சத்தியம் பண்ணிச் சொல்லு என்கிறாள். பெண் நர்ஸ்தான் மாமி, நானே பரிசோதித்துக்கொண்டு வந்திருக்கிறேன், திரைக்கு இந்தப் பக்கம் உங்கள் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.